மாடிக்காரர் தின்ற திராட்சை

பிப்ரவரி 3

என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்துகள் கோட்டில் உட்கார மறுக்கின்றன. சில மேலே ஏறுகின்றன, சில சரிந்து கீழ்வரிக்காரன் தலையில் விழுகின்றன. இந்த நான்கு வரிக்கே காலைக் காப்பி ஆறிப்போய்விட்டது.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். மாடிக்காரர் எழுதித் தரவில்லை. அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இது கூழாங்கல். ஆனால் என் கூழாங்கல்.

நான்கு மாதமாக நூலகத்தின் பின்னறையில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். பாதியில் விட்டுவிட்டால் அசிங்கம் என்று யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரம்மா மிகவும் பொறுமைசாலி. 'உங்களுக்குக் கை நல்லா வருது' என்று போன வாரம் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பாய். சொல்கிறேன். நீ மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. போனில் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை, முப்பது வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பாய்லர் ஓட்டிய காது. அதனால் நீ கடிதம் எழுதுகிறாய். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் மாடிக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் என்ன செய்வார் தெரியுமா? மருந்துக்கடையில் வேலை செய்தபோது டாக்டர் சீட்டுப் படித்த பழக்கம், முதலில் தனக்குள் ஒரு தடவை முழுக்கப் படித்துக்கொள்வார். நடுவில் எங்கேயோ சிரிப்பார். 'என்ன?' என்று கேட்டால், 'இருங்க, அங்கதான் வர்றேன்' என்பார். என் பெண்டாட்டி எனக்கு எழுதியதற்கு எனக்கு முன்னால் இன்னொருத்தர் சிரிக்கிறார். அப்புறம் என் காதுக்காகக் கத்திப் படிப்பார். மாடிப்படி முழுக்கக் கேட்கும். மறுநாள் கீழ்வீட்டு அம்மா, 'முழங்காலுக்குத் தைலம் தேச்சீங்களா, வீட்டுல கேட்டிருந்தாங்களே' என்கிறாள்.

போதும் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் நூலகத்துக்குப் போனேன்.

நம் துரை நலம். நலம் என்ன நலம், நாய்க்கு நீ வைத்த பெயர் பலித்துவிட்டது. பகல் பூராவும் துரை மாதிரி சாய்ந்து கிடக்கிறது. மாடிக்காரர் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறது. அவர் ஒரு பிஸ்கட் போடுகிறார். சோறு போடுகிறவன் நான், வால் அவருக்கு.

இனி அது நடக்காது. சமையலறைச் சுவரில் துரைக்காக நீ ஒட்டிவிட்டுப் போன தாளையும் நானே படிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு சொல். வகுப்புப் பாடத்தைவிட அது ருசியாக இருக்கிறது. துரைக்கும் அதில் பங்கு உண்டு.

இதை மடித்து நானே தபால்பெட்டியில் போடுவேன்.

பாய்லர்காரன்

*

பிப்ரவரி 8

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் யாரோ குழந்தை கிறுக்கியது என்று ஓரமாக வைத்துவிட்டேன். மகள்தான், 'அம்மா, இது அப்பா' என்றாள். அவள் அழுதாள். பிள்ளை பெற்ற உடம்பு, எதற்கெடுத்தாலும் அழுகிறாள். நான் அழவில்லை.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமான புதிதில், பிறகு மகளின் பலகையை வைத்துக்கொண்டு, அப்புறம் அவள் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எத்தனை தடவை உங்களை உட்கார வைத்தேன்? 'அ' போடச் சொன்னால் கண் எரிகிறது என்பீர்கள். ஷிஃப்ட் என்பீர்கள். ஒருநாள் பென்சிலை எடுத்துப் பல் குத்தினீர்கள். நாற்பது வருடம் என்னால் முடியாததை அந்த டீச்சரம்மா நான்கு மாதத்தில் செய்துவிட்டாரா? கை நல்லா வருகிறதாமா? யார் அவர்? என்ன வயது? எல்லோர் முன்னாலும் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எல்லோரும் எத்தனை பேர்?

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குழந்தை எடை போட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு இரவு வேலை, பகலில் தூங்குகிறார். அதனால் இந்த வீட்டில் எல்லோரும் பூனை மாதிரி நடக்கிறோம். அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வெளியே போங்கள். துரையின் தாளைப் படிப்பது நல்லது. அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

துரையின் எஜமானி

*

பிப்ரவரி 13

என் வீட்டுக்காரிக்கு,

இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை, எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். துரைக்கு உடம்பு சரியில்லை. பயப்படாதே, இப்போது பரவாயில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

முந்தாநாள் காலையில் கதவருகே வாந்தி எடுத்திருந்தது. நான் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொரு தடவை. பிறகு வயிறும் போக ஆரம்பித்துவிட்டது. உன் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டது. நான் கூப்பிட்டேன், கண்ணை மட்டும் அசைத்தது. என்ன செய்வது என்று தெரியாமல், நமக்கு வயிறு போனால் போடுகிற மாத்திரையை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தேன்.

மாடிக்காரர் வந்தார். கூப்பிடவில்லை, வாடை போய் அழைத்திருக்கிறது. மாத்திரையை என் கையிலிருந்து பிடுங்கினார். 'என் கடையில இருந்த எதுவும் நாய்க்கு ஆகாது. மனுஷ மாத்திரை கொடுத்து அதைக் கொன்னுடாதீங்க' என்றார். என் வீட்டில் என் நாய்க்கு முன்னால் எனக்குத் திட்டு.

அவர் தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கடியில் கையை நீட்டினார். துரை வந்தது. நான் அரை மணி நேரம் கூப்பிட்டு வராத துரை, தவழ்ந்து வந்து அவர் பாதத்தில் தலையை வைத்தது. அவர் அதன் உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். வாந்தியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். 'இல்ல. ஆனா மூணாவது தடவையும் எடுத்துட்டா டாக்டர்கிட்ட போயிடணும்' என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது தடவை எடுத்தது.

டாக்டருக்கு ஃபோன் செய்துவிட்டு வண்டி வரும்வரை சும்மா இருந்தாரா என்றால் இல்லை. சமையலறைக்குப் போனார். சுவரில் இருந்த நாட்காட்டியைக் கழற்றி வேறு ஆணியில் மாட்டினார், தன் வீடு மாதிரி. பிறகு மேஜையில் நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த திராட்சைக் கொத்தை எடுத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் தின்றார். எனக்குச் சர்க்கரை, எனக்குச் சர்க்கரை என்று மாடிப்படியில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லுகிற மனிதர். நாய் அங்கே வதங்கிக் கிடக்கிறது, இவர் திராட்சை தின்கிறார். ஒன்றுகூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை. கீழே உருண்டுபோன ஒன்றைக்கூடக் குனிந்து தேடி எடுத்துத் தின்றார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துரையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். 'கொழுப்பா ஏதாவது சாப்பிட்டானா?' என்றார். 'வீட்டுல எழுதி வச்சதைத் தவிர நான் எதுவும் தர்றதில்ல' என்று சொல்லிவிட்டு மாடிக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டார். அரை நாள் சாப்பாடு கிடையாது. தண்ணீர் மட்டும், மணிக்குச் சில கரண்டி, மொத்தமாக வைத்தால் குடித்துவிட்டுத் திரும்ப எடுத்துவிடுமாம். அப்புறம் குழைந்த சோறும் தோல் உரித்து வேகவைத்த கோழியும், உப்புக்கூட இல்லாமல், கையளவு, ஒரு நாளைக்கு நான்கு தடவை. செய்துகொண்டிருக்கிறேன். மணி பார்த்து எழுதி வைக்கிறேன், நானே எழுதி.

நான் உன் தாளில் இருந்ததைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். வேறு யார் கொடுத்தது என்று உனக்கே தெரியும். பிஸ்கட்டில் ஆரம்பித்தவர் பிஸ்கட்டோடு நிற்பாரா?

டீச்சரம்மாவுக்கு அறுபது இருக்கும். அந்த எல்லோரும் மூன்று பேர்.

பாய்லர்காரன்

*

பிப்ரவரி 17

வீட்டுக்காரருக்கு,

படித்துவிட்டு எனக்குக் கை கால் ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்காரும் முன்பே மாடிக்காரருக்கு ஒரு தபால் அட்டை போட்டுவிட்டேன். என் நாய்க்கு இனி ஒரு பிஸ்கட் கொடுக்க வேண்டாம், அதைத் தொடவும் வேண்டாம், எங்கள் வீட்டு வாசலில் நிற்கவும் வேண்டாம் என்று எழுதினேன். மருந்துக்கடையில் இத்தனை வருடம் இருந்த ஆளுக்கு எது யாருக்கு ஆகும் என்று தெரியாதா என்றும் கேட்டேன். அட்டையில்தான் எழுதினேன். தபால்காரரும் படிக்கட்டும்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. சுவரில் இருக்கிற தாளை அவர்தான் நான் கிளம்பிய வாரம் உங்களுக்குப் படித்துக் காட்டினார். மேலே பெரிய எழுத்தில், சிவப்பு மையில், 'துரைக்குக் கொடுக்கக் கூடாதவை' என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே பால், வெண்ணெய், கோழித்தோல், திராட்சை, வெங்காயம், சாக்லேட். கடைசி மூன்றும் விஷம். வயிற்றோடு போகாது, சிறுநீரகம், ரத்தம் வரைக்கும் போகும். இதையெல்லாம் படித்த மனிதர் இப்படிச் செய்வாரா? நீங்கள்தான் இப்போது படிக்கிறீர்களே, அந்தத் தாளை மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள்.

மறுபடி இப்படி ஒன்று நடந்தால் மாப்பிள்ளையை அனுப்பித் துரையை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். சொல்லிவிட்டேன்.

அறுபது ஒன்றும் பெரிய வயது இல்லை.

துரையின் எஜமானி

*

பிப்ரவரி 22

என் வீட்டுக்காரிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு நான்காவது தடவை எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் 'மேலே பெரிய எழுத்தில்' என்று படித்தேன். எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்தேன். சிவப்பு மை இருந்தது. தாளைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து அது என் கண்ணில் படவில்லை. புது வருடத்துக்கு வந்த நாட்காட்டியை நான் தாளுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டியிருந்தேன், அது உன் தாளின் தலையை மூடிக்கொண்டிருந்தது. மாடிக்காரர் அதைக் கழற்றிய பிறகும், துரை பக்கத்திலேயே கிடந்ததில் நான் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கீழே இருந்த ஆறு சொல்தான். மாடிக்காரர் முதல் வாரம் படித்துக் காட்டினார் என்கிறாய். உண்மை. அவர் படிக்கும்போது நான் குழாயைத் திறந்துவிட்டுத் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றே. என் நாயைப் பற்றி அவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்றால், துரை ஆசையாகத் தின்கிற பண்டங்களை நீ எழுதி வைத்திருக்கிறாய், மாடிக்காரர் அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துத்தான் வாலை வாங்கிவிட்டார் என்று. அதனால் முதலில் பால். கூட்டிக் கூட்டிப் படித்து, புரிந்ததும் கைதட்டிவிட்டு, ஒரு கிண்ணம் வைத்தேன். அது நக்கிக் குடித்துவிட்டு என் கையையும் நக்கியது. இரண்டு நாள் கழித்து வெண்ணெய். அந்த 'ண்ணெ' எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கால் கட்டி வெண்ணெயைச் சோற்றில் பிசைந்தேன். அன்று செருப்புச் சத்தம் கேட்டும் துரை என்னைவிட்டு எழவில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் உனக்கு எப்படிச் சொல்வது? அப்புறம் கோழித்தோல், கசாப்புக்கடையில் ஒரு பை நிறைய, மொறுமொறுவென்று வறுத்து. அதற்கு மறுநாள் காலைதான் வாந்தி.

அடுத்த சொல் திராட்சை. மேஜையில் தயாராக இருந்தது.

மாடிக்காரர் அன்று, 'யாருக்கு இது?' என்று கேட்டார். 'துரைக்கு. அடுத்தது இதான்' என்றேன் பெருமையாக. அவர் சுவரைப் பார்த்தார். நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்தார். வேறு ஆணியில் மாட்டினார். பிறகு உட்கார்ந்து அவ்வளவையும் தின்றார். இதை நான் போன கடிதத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பாய்.

உன் அட்டை அவருக்கு வந்துவிட்டது. நான் மாடிக்குப் போனபோது அது அவர் மேஜையில் கிடந்தது. சர்க்கரை ஏறி இரண்டு நாள் படுத்திருந்தாராம். உட்காரச் சொன்னார். எனக்கு உட்கார வரவில்லை.

'நான்தான் கொடுத்தேன். பால், வெண்ணெய், தோல், எல்லாம் நான்தான்' என்றேன்.

'தெரியும்' என்றார். 'வெண்ணெய்த் தாள் உங்க குப்பைக் கூடையில கிடந்துச்சே.'

'அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மாடிப்படி அதிரக் கத்துறவர், இதுக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டீங்களே.'

'சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே புத்தகத்தை மூடி வச்சிருப்பீங்க' என்றார். 'நானே தின்னுட்டா அந்தச் சொல்லு முடிஞ்சிபோச்சு. அடுத்த சொல்லுக்கு உங்களுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள மேல இருக்கிற வரியைப் படிச்சிடுவீங்கன்னு பார்த்தேன்.'

'நீங்க வாங்கின திட்டு?'

'அழகா எழுதியிருக்காங்க' என்றார், அட்டையைக் காட்டி.

பார்த்தாயா, இதிலும் அவர்தான் ஜெயித்தார். திட்டு வாங்குவதிலும் ஒரு பெரிய மனுஷத்தனம். என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை, ஆனால் மன்னிப்பு கேட்டேன். நீயும் அவருக்கு ஒரு கடிதம் எழுது. அட்டையில் எழுது, தபால்காரருக்கும் தெரியட்டும்.

தப்பு என்னுடையது. மாப்பிள்ளையை அனுப்புவதானால் அனுப்பு. துரை இப்போது சோறும் கோழியும் ஒழுங்காகச் சாப்பிடுகிறது, வயிறும் சரியாகிவிட்டது. கழுத்துப்பட்டையைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனால் வண்டி ஏறும்போது நான் வாசலுக்கு வர மாட்டேன்.

இன்னொன்று. துரை படுத்திருந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து உன் பழைய கடிதங்களை எடுத்து நானே படித்தேன். ஆறு கடிதம். ஒவ்வொன்றின் முடிவிலும் மாடிக்காரர் 'உங்கள் நினைவாகவே இருக்கிறேன்' என்று கத்துவார். மாடிப்படியில் யாரோ சிரிப்பார்கள், எனக்கு வெட்கமாக இருக்கும், இருந்தாலும் அடுத்த கடிதம் வரை அதை வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது தேடினேன். ஆறிலும் இல்லை. அடுப்பை அணையுங்கள், கதவைப் பூட்டுங்கள், அவ்வளவுதான். அவரிடமே கேட்டேன். 'முடிஞ்சிடுச்சான்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீங்க. என் கையிலேர்ந்து ஒரு வரி போட்டேன்' என்கிறார்.

ஆறு மாதமாக உன் பெயரில் இன்னொரு ஆள் என்னை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நீ நினைக்கவே இல்லையா?

பாய்லர்காரன்

*

பிப்ரவரி 27

வீட்டுக்காரருக்கு,

எழுத்தைப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள். இதை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முதலில் துரை. அது அங்கேயே இருக்கட்டும். மாப்பிள்ளை வர மாட்டார். தப்பைச் சொல்கிறவரிடம் நாயை விட்டுவைக்கலாம். இன்னும் ஒரு வாரத்துக்கு அதே சாப்பாடு, பிறகு பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். ஒரே நாளில் மாற்றாதீர்கள். அந்தத் தாளை எடுத்துவிட்டு நீங்களே புதிதாக எழுதி ஒட்டுங்கள், தலைப்போடு.

மாடிக்காரருக்கு அட்டை போட்டுவிட்டேன். பிஸ்கட் கொடுக்கலாம், ஒரு நாளைக்கு ஒன்று.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த மனிதர் மாடிப்படியில் நின்று கத்துவார் என்று எனக்குத் தெரியும். கீழ்வீட்டு அம்மா தைலத்தை விசாரித்ததை அவளே எனக்கு எழுதினாள். அப்படி இருக்கும்போது நான் எதை எழுத முடியும்? எழுத உட்காருவேன். மனதில் ஒன்று வரும். இது மாடிக்காரர் குரலில் வெளியே வரும் என்று நினைப்பேன். உடனே அடுப்பை அணையுங்கள் என்று எழுதிவிடுவேன். ஆறு கடிதத்தில் எத்தனை அடுப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

குழந்தையைத் துடைக்க என்று உங்கள் பழைய நீலச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. துவைக்கவும் இல்லை. தலையணைக்குக் கீழே இருக்கிறது. மகள் கேட்டால் பழந்துணி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் இன்னும் பாய்லர் அறை வாடை இருக்கிறது. இதை மாடிப்படியில் கத்திப் படிக்க விடுவேனா?

டீச்சரம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஒரு வரி போதும், நீட்டி முழக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி

*

மார்ச் 4

என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து இன்றும் கோணல்தான். ஆனால் இன்று அவசரத்தில் வந்த கோணல்.

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. நீலச் சட்டை இருக்கிற வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, துரையைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, மறுபடி அதே வரியை முதலிலிருந்து படித்தேன். கூட்டிப் படிக்கத் தேவையில்லாமல் ஓடுகிற முதல் வரி எனக்கு அதுதான். இனி மறக்காது.

மாடிக்காரர் வாசலில் வந்து நின்றார். கடிதம் வந்தது எப்படியோ தெரிந்துவிடுகிறது அவருக்கு. 'என்ன எழுதியிருக்காங்க?' என்றார்.

'நாயைப் பத்திதான்' என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நாயைப் பத்தின்னா காது ஏன் சிவந்திருக்கு?' என்றார். நான் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் திரும்பி ஒரு படி ஏறினார். அவருக்குக் கடிதம் எழுத யாரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தது உன் திட்டு அட்டை ஒன்று, சமாதான அட்டை ஒன்று. இரண்டையும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.

உன் கடிதத்தை மடித்தேன். துரையைப் பற்றி எழுதியிருந்த பகுதி மட்டும் மேலே தெரிகிற மாதிரி மடித்து, மடிப்பை என் கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'மூக்குக்கண்ணாடியைக் காணோம். இதை மட்டும் கொஞ்சம் படிங்க' என்றேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தார். படிக்கட்டு அதிரப் படித்தார். 'தப்பைச் சொல்கிறவரிடம் நாயை விட்டுவைக்கலாம்' என்பதை இரண்டு தடவை படித்தார். துரை அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டது. உட்காரட்டும். அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பிஸ்கட். கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது முழுக்க எனக்கு.

படித்து முடித்ததும் வழக்கம்போல வாயைத் திறந்தார். 'அது வேண்டாம்' என்றேன். 'அது என்கிட்ட இருக்கு.'

புதுத் தாள் சுவரில் ஒட்டியாகிவிட்டது. தலைப்புக்கு மட்டும் சிவப்பு மை வாங்கினேன். நாட்காட்டி எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது.

அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் 'ழ' கோணாமல் கைக்கு வந்துவிடும் என்கிறார் டீச்சரம்மா. நீ நீளமாகவே எழுது, பெரிய எழுத்து இனி வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டேன்.

உன் பாய்லர்காரன்